கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சாப்பாடு: பாரிஸின் சின்ன பிஸ்ட்ரோவுக்கு முழு வழிகாட்டி

பாரிஸில் ஒரு சின்ன பிஸ்ட்ரோ என்றால் முப்பது நாற்காலி, அடுப்படியில் இரண்டு பேர், பரிமாற ஒருவர், அவரே பெரும்பாலும் முதலாளி. வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே எரிச்சலூட்டும் விஷயங்கள் எல்லாமே இந்த ஆள்கணக்கிலிருந்து வருபவைதான். மூன்று மணிக்குப் போனால் சாப்பாடு கிடையாது, பட்டியல் இரண்டு கை விரலில் அடங்கிவிடுகிறது, உருளைக்கிழங்குக்குப் பதில் வேறு ஏதாவது தாருங்கள் என்றால் முகம் மாறுகிறது, பில் கேட்காமல் வருவதில்லை. திமிர் என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் திமிரும் உண்டுதான், ஆனால் பெரும்பகுதி அந்த இரண்டு பேரின் நான்கு கை சம்பந்தப்பட்டது. காலையில் சந்தையில் எது நன்றாக இருந்ததோ அதை வாங்கி, அதில் ஒன்பது பத்து வகை செய்து, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டு, தீர்ந்ததும் அழித்துவிடுவார்கள். அந்தப் பலகையோடு ஒத்துப்போகத் தெரிந்தால் பாரிஸில் கொடுக்கும் காசுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடைப்பது கஷ்டம்.

நான் சொல்வது இந்த வகை இடத்தைப் பற்றி மட்டும். 1896 முதல் நடக்கும் ஷார்த்தியே மாதிரியான புய்யோன்கள் (மலிவு விலைப் பெரிய சாப்பாட்டுக் கூடங்கள்), நாள் முழுக்கத் திறந்திருக்கும் பிராஸரிகள் என்ற பெரிய உணவகங்கள் எல்லாம் வேறு கதை, அங்கே விதிகளும் வேறு.

1. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

விலைப்பட்டியலை வாசலில் வெளியே தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்பது பிரான்சில் சட்டம். அதனால் உள்ளே போய் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை, தெருவிலேயே நின்று நிதானமாக வாசிக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் முதலில் பார்ப்பது பட்டியலின் நீளத்தை. மூன்று அந்த்ரே, மூன்று அல்லது நான்கு பிளா, மூன்று இனிப்பு என்றால் மேலே படிக்கலாம் (அந்த்ரே இங்கே முதலில் வரும் சின்னத் தட்டு, பிளா என்பதுதான் பிரதான உணவு). இரண்டு சமையல்காரர்கள் தினமும் நாற்பது வகையைப் புதிதாகச் செய்ய வழியே இல்லை. நாற்பது வகை இருக்கிறதென்றால் அதில் பாதிக்கு மேல் பையில் வந்து சூடாக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உணவின் புகைப்படங்கள், ஆறு மொழியில் பட்டியல், வாசலில் நின்று உள்ளே வாங்க என்று கூப்பிடுகிற ஆள், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நடையைக் கட்டுங்கள்.

இரண்டாவது, பலகையில் அழித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்பீஸ் எழுத்து மாதிரியே அச்சடித்த பலகைகளும் சுற்றுலாப் பகுதிகளில் உண்டு, பளபளவென்று வருடம் முழுக்க ஒரே வெங்காய சூப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையான பலகையில் கையெழுத்து கோணலாக, பாதி புரியாமல், ஏதாவது ஒரு வரி குறுக்கே அடிக்கப்பட்டு இருக்கும்.

கூரை போட்ட வாணலி படம் போட்ட ஒரு சின்னத்தையும் சில இடங்களில் காண்பீர்கள். அது 2014இல் வந்த ஃபெ மேசோன் முத்திரை, பச்சைப் பொருளிலிருந்து அங்கேயே சமைத்தது என்று பொருள். நல்லதுதான், ஆனால் பெரிதாக நம்பி இறங்க வேண்டாம், உறைய வைத்த பச்சைப் பொருளையும் அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷ்லான் கையேட்டின் பிப் கூர்மான் அடையாளம், அதாவது நியாயமான விலையில் நல்ல சாப்பாடு என்று 1997 முதல் தருவது, அதைவிட எனக்கு உதவியாக இருந்திருக்கிறது.

இந்தப் பலகைச் சாப்பாடு இவ்வளவு உயரத்துக்குப் போனதற்கு ஒரு வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்ரியோன் என்ற அரண்மனை ஹோட்டலில் கிறிஸ்தியான் கோன்ஸ்தானிடம் வேலை பார்த்த ஈவ் காம்தெபோர்த், 1992இல் நகரத்தின் தெற்கு ஓரம், 14ஆம் வட்டாரத்தில் லா ரெகலாத் என்ற சின்ன இடத்தைத் திறந்தார். நட்சத்திர சமையலறைக் கைப்பக்குவம், ஆனால் விலை உயர்ந்த மீன்முட்டையும் வெள்ளைத் துணியும் இல்லை, மலிவான இறைச்சித் துண்டு, பருவக் காய்கறி, ஒரே நிர்ணய விலை. அவரோடு வேலை பார்த்தவர்களும் அதே வழியில் போக, 2004இல் செபாஸ்தியான் தெமொரான் என்ற பத்திரிகையாளர் அதற்கு பிஸ்த்ரொனொமி என்று பெயர் வைத்தார். 11ஆம் வட்டாரத்து பிஸ்ட்ரோ போல் பேர், பெல்வில் பக்கம் ராக்கெல் கரேனா பெயர் வாங்கிய லெ பராத்தான், 7ஆம் வட்டாரத்தில் ஸ்தெஃபான் ஜெகோவின் ஷெ லாமி ஜான் எல்லாம் உலகம் அறிந்தவை, அதனாலேயே இடம் கிடைப்பது சிரமம். முதல் தடவைக்கு நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மத்தியானம் பக்கத்து அலுவலகக்காரர்கள் நிரம்பியிருக்கும் ஒரு இடமே போதும்.

2. எந்த நாள், எந்த நேரம்

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, இரவு ஏழரையிலிருந்து ஒன்பதரை பத்து வரை. இந்த இடைவெளிக்கு வெளியே அடுப்பு எரியாது. இரண்டு மணிக்குக் கதவு திறந்திருக்கிறதே என்று நுழைந்தால் காபி தருவார்கள், சாப்பாடு தர மாட்டார்கள். அந்த நேரத்தில் அடுப்படிக்காரர்கள் கழுவிக்கொண்டோ, இரவுக்கு எலும்புச் சாறு ஏற்றிக்கொண்டோ இருப்பார்கள்.

என் கணிப்பில் மத்தியானம்தான் புத்திசாலித்தனம். அதே அடுப்பு, அதே கை, ஆனால் ஃபோர்முல் என்ற பெயரில் அந்த்ரேயும் பிளாவும், அல்லது பிளாவும் இனிப்பும், இப்போதைய பாரிஸில் சுமார் 20 முதல் 28 யூரோவுக்குள் முடிந்துவிடும். அதே இடத்தில் இரவு தனித்தனியாக எடுத்தால் 40ஐத் தாண்டுவது சாதாரணம், வைன் அதற்கு மேல். பன்னிரண்டேகாலுக்குப் போய் உட்காருங்கள். பன்னிரண்டே முக்காலுக்கு அலுவலகக் கூட்டம் உணவுக் கூப்பன் கார்டுகளோடு வந்து சேரும், ஒன்றேகாலுக்குள் அன்றைய ஸ்பெஷல் தீர்ந்துவிட வாய்ப்பிருக்கிறது.

ஞாயிறும் திங்களும் பல இடங்கள் மூடியிருக்கும், சில சனிக்கிழமையும். திங்களன்று திறந்திருக்கும் இடத்தில் மீன் எடுக்காதீர்கள் என்பது என் விதி. பாரிஸுக்குத் தெற்கே இருக்கும் ருங்கிஸ் மொத்தச் சந்தை, நகர நடுவில் இருந்த லே ஆலுக்குப் பதிலாக 1969இல் திறந்தது, அதன் மீன் பகுதி செவ்வாயிலிருந்து சனி வரைதான் அதிகாலையில் இயங்குகிறது. திங்கள் தட்டில் இருக்கும் மீன் என்று வாங்கியது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நேர் எதிர், கத்தோலிக்கப் பழக்கத்தின் மிச்சமாக இன்றும் பல பலகைகளில் வெள்ளியன்று மீன்தான் அன்றைய உணவு.

ஆகஸ்ட் மாதம் தனிப் பிரச்சினை. இரண்டு மூன்று வாரம் கதவில் காகிதம் ஒட்டிவிட்டு எல்லோரும் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதம்தான் உங்களுக்கு லீவு கிடைக்கிறதென்றால், போக நினைக்கும் இடம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

3. இடம் சொல்லி வைப்பது

முப்பது நாற்காலி என்பதால் இரவுக்குக் கட்டாயம், மத்தியானத்துக்கு நல்லது. போனில் சொல்வதென்றால் காலை பத்தரை பதினொன்றுக்கு, அல்லது மாலை ஆறரைக்குக் கூப்பிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் போனை எடுப்பவர் கையில் மூன்று தட்டோடு நிற்பார். பெயர், எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணி, அவ்வளவு போதும். தமிழ்ப் பெயர்கள் நீளமாக இருக்குமென்பதால் நான் நான்கெழுத்துக்குள் ஒரு சுருக்கப் பெயரைக் கொடுத்துவிடுவேன், அங்கே போய் அவர்கள் எழுதி வைத்ததை நாமே கண்டுபிடிக்கும் விளையாட்டு இருக்காது.

இரவில் சில இடங்கள் இரண்டு பந்தி நடத்துகின்றன, ஏழரைக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று. முதல் பந்தி என்றால் ஒன்பதேகாலுக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கும், இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வராமலே இருந்துவிடுவது ரொம்ப மோசம். நான்கு பேர் வராவிட்டால் அந்த இரவின் வருமானத்தில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் இப்போது பல இடங்கள் முன்பதிவுக்கே வங்கி அட்டை எண் கேட்கின்றன.

4. உள்ளே நுழைவது

முதல் சொல் பொன்ஜூர், மாலையானால் பொன்சுவார். இதை விட்டுவிட்டு நேராக ‘இரண்டு பேருக்கு டேபிள்’ என்று ஆரம்பித்தால் அதற்கப்புறம் எத்தனை முறை நன்றி சொன்னாலும் ஒட்டாது. இது ஏதோ சுற்றுலாப் புத்தக அறிவுரை என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள், பிரான்சில் கடை, பேருந்து, லிஃப்ட் எதிலும் இதுதான் முதல் வாசல். பரிமாறுபவரைக் கூப்பிட மெஸ்யே அல்லது மதாம். கார்சோன் என்று கூப்பிடுவது பழைய சினிமாவில் மட்டும்தான், விரலைச் சொடுக்குவது எங்குமே கூடாது.

காலியாக இருக்கிறதென்று நீங்களாகப் போய் உட்கார வேண்டாம், காட்டும் வரை நில்லுங்கள். மேசைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இருக்கும். சுவரோர நீள இருக்கையில் உட்கார மேசையையே வெளியே இழுத்து வழிவிட்டு மறுபடி தள்ளி வைப்பார்கள், அதனால் உட்காருவதற்கு முன்பே கழிவறைக்குப் போய்விட்டு வருவது நல்லது. பெரிய பையும் ஸ்ட்ரோலரும் கொண்டு போகாதீர்கள். பக்கத்து மேசைக்குக் கீழே நாய் படுத்திருக்கும், அதற்கு அங்கே முழு உரிமை உண்டு.

5. பலகையை வாசிப்பது

இதுதான் முக்கியமான கட்டம், அவசரப்பட வேண்டாம். பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியின் மேல் சாய்த்து வைப்பார்கள், இல்லை சுவரில் காட்டுவார்கள். கையெழுத்து புரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலி கையெழுத்தில் அடிக்கடி உளறும், பரிமாறுபவரைக் கேட்பதே மேல். பாதிப் பேர் கையாலேயே விலங்கின் எந்தப் பாகம் என்று தொட்டுக் காட்டிவிடுவார்கள்.

பிளா து ஜூர் என்று ஒன்று மட்டும் தனியாக எழுதியிருக்கும். அன்றைய உணவு. நேற்று மிஞ்சியதைத் தள்ளிவிடுகிறார்கள் என்ற சந்தேகம் நம்மில் பலருக்கு உண்டு, சுற்றுலாக் கடைகளில் அந்தச் சந்தேகம் நியாயம்தான். நல்ல பிஸ்ட்ரோவில் கணக்கு வேறு. ஒரே உணவைக் காலை எட்டு மணிக்குப் பெரிய இரும்புப் பாத்திரத்தில் ஏற்றி மத்தியானம் வரை மெல்லிய சூட்டில் விட்டால் மலிவான, நரம்போடிய இறைச்சியும் கரண்டியில் உடையும் அளவுக்கு வெந்துவிடும், பரிமாற ஒரு நிமிடம் போதும், அதனால் விலையும் குறைகிறது, தட்டும் சீக்கிரம் வருகிறது. சமையல்காரர் அன்று எதில் அதிக நேரம் செலவழித்தாரோ அதுதான் அது. ஒரு விதிவிலக்கு, ஆஷி பர்மாந்தியே, மசித்த உருளைக்கிழங்குக்கு அடியில் உதிர்த்த இறைச்சி. அது முந்தைய நாள் போத்தோஃபே (காய்கறியோடு தண்ணீரில் மெதுவாக வேக வைத்த மாட்டிறைச்சி) மிஞ்சியதில் செய்வதுதான் மரபு, ருசியே அதில்தான்.

பலகையின் மூலையில் ஒரு பொருளுக்குப் பக்கத்தில் +4 என்று இருந்தால் ஃபோர்முல் விலைக்கு மேல் அதைக் கூட்ட வேண்டும். இரண்டு பேருக்கான மாட்டு விலாத் துண்டு மாதிரி எழுதியிருந்தால் அந்த விலை மொத்தத்துக்கா தலைக்கா என்று கேட்டுவிடுங்கள், பில் வரும்போது கேட்பதைவிட நல்லது. வரத்தைப் பொறுத்து என்று பொருள்படும் ஸெலோன் அரிவாஜ் இருந்தால் என்ன மீன், என்ன விலை என்று கேட்பது உங்கள் உரிமை.

அப்புறம் பருவம். பலகையில் எந்தப் பொருள் எந்த மாதம் வர வேண்டும் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் அந்த இடம் உண்மையா நடிப்பா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை வெள்ளை அஸ்பராகஸ், தடியாக, கசப்பு லேசாக, முட்டை வெண்ணெய் சாஸோடு. அதே நேரத்தில் மொரில் காளான், பச்சைப் பட்டாணி, கரிகெத் என்ற நீள மூக்கு ஸ்ட்ராபெரி, ஈஸ்டரை ஒட்டி ஆட்டுக்குட்டி. வசந்தகாலப் பலகையில் நவரான் என்று பார்த்தால் யோசிக்காமல் எடுங்கள், இளம் ஆட்டுக்கறியோடு டர்னிப்பும் காரட்டும் பட்டாணியும் ஒன்றாக வெந்த குழம்பு, நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். கோடையில் சமையல் மெலிந்துவிடும், தக்காளி, குளிர்ந்த சூப், முலாம்பழம். ஜூலையிலிருந்து மரக்கம்பங்களில் வளர்க்கும் சின்ன பூஷோ மட்டிகள் வரும். ஆகஸ்ட் கடைசியில் லொரேன் பகுதியின் மிரபெல், கோலிக்குண்டு அளவு மஞ்சள் பிளம், சில வாரங்களில் முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது இலையுதிர்காலம்தான். செப்டம்பர் அக்டோபரில் செப் காளான், பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வதக்கியது. அக்டோபர் முதல் தேதி ஸ்காலப் மீன்பிடி திறக்கும், மே 15 வரை, மற்ற மாதங்களில் பிரெஞ்சுக் கடலில் பிடிக்கவே சட்டம் விடாது. ஜூலையில் ஒரு பலகை புத்தம் புதிய பிரெஞ்சு ஸ்காலப் என்று சொன்னால் சொல்பவரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். காட்டுப்பன்றி, மான், முயல், ஃபெசன்ட் என்று வேட்டை இறைச்சியும் அப்போது வரும், சாஸ் கருப்பாகக் கனமாக இருக்கும். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை புது போஜொலே வைன் வந்திறங்கும், அன்று இரவு எந்த இடமும் சத்தமாக இருக்கும். பனிக்காலத்தில் போத்தோஃபே, பருப்போடு வெந்த உப்புப் பன்றி, லீக், செலரி வேர், மரப்பட்டை வளையத்துக்குள் உருகி நிற்கும் மோன் தோர் சீஸ்.

பிப்ரவரி பலகையில் தக்காளி சாலட் இருந்தால் அந்த இடத்தின் மற்ற எதையும் நான் நம்ப மாட்டேன்.

6. எதை எடுப்பது, எதைத் தவிர்ப்பது

மாடு சாப்பிடாதவர்கள் பெஃப், வோ (கன்று), பவெத், ஓங்லே, ஆந்த்ரகோத் என்ற சொற்களைக் கண்டால் தாண்டிவிடலாம். பன்றி வேண்டாதவர்களுக்குப் போர், கொஷோன், ஜாம்போன், பூதான், ஆந்துயெத். எல்லாவற்றையும்விட லார்தோன் என்ற சின்னப் பன்றித் துண்டுகளைக் கவனியுங்கள், கீரை சாலட்டிலும் முட்டையிலும் கோழிக் குழம்பிலும்கூடச் சொல்லாமல் கிடக்கும். கோழி பூலே அல்லது வொலாய், கினிக்கோழி பாந்தாத், வாத்து கனார், ஆடு அஞ்ஞோ, முயல் லப்பான், மீன் புவாசோன். ஹலால் பார்ப்பவர்களுக்குச் சாதாரண பிஸ்ட்ரோவில் மீன்தான் வழி, அதிலும் சாஸில் வைன் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு நேராகச் சொல்கிறேன், இந்த வகை இடம் கஷ்டம். இப்போது பல பலகைகளில் காய்கறி பிளா ஒன்று இருக்கிறது, ஆனாலும் சூப் கோழிச் சாறில் இருக்கலாம், உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுத்திருக்கலாம், பாரம்பரியச் சீஸ் பெரும்பாலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரெனெட்டால் உறைந்தது. மேசைக்கு வந்த பிறகு சொல்லாமல் இடம் சொல்லும்போதே இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், அவற்றின் சாறும் வேண்டாம் என்று மூன்றையும் சொல்லுங்கள். ஒரு நாள் முன்பே தெரிந்தால் நல்ல சமையல்காரர் சந்தோஷமாகவே ஏதாவது செய்வார். ஒவ்வாமைக்கும் இதுவே, பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவல் கொடுப்பது ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கக் கட்டாயம், தயங்காமல் கேளுங்கள்.

இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். ப்ளெ என்றால் உள்ளே கிட்டத்தட்டப் பச்சை, செஞ்ஞான் ரத்தச் சிவப்பு, அ புவான் இளஞ்சிவப்பு, பியான் குயி நன்றாக வெந்தது. இந்த அளவுகள் எல்லாம் நாம் நினைப்பதைவிட ஒரு படி பச்சையாகவே வரும். வாத்து நெஞ்சும் ஆடும்கூட உள்ளே சிவப்பாகத்தான் தருவார்கள். சிவப்பு பிடிக்காது என்றால் ஸ்டேக்கைக் கேட்டுச் செருப்பாக்கச் சொல்லாமல், மெதுவாக வேக வைத்த வகையை எடுங்கள், வைனில் வெந்த இறைச்சி, கன்று பிளாங்கெத், வாத்து கோன்ஃபி. தார்தார் என்றால் முழுக்கப் பச்சை மாட்டிறைச்சி, தெரியாமல் எடுத்துவிட வேண்டாம்.

குடல், ஈரல், தலைக்கறி, ரத்தப் பொரியல் பழக்கமுள்ளவர்களுக்குப் பிஸ்ட்ரோ ஒரு சொர்க்கம், அமெரிக்கர்கள் முகம் சுளிக்கும் இடத்தில் நமக்கு வாயூறும். கன்றின் சிறுநீரகம் கடுகு சாஸில், கன்றுத் தலை மூலிகைச் சாஸோடு, எலும்பு மஜ்ஜை உப்புக்கல்லோடு. ஆந்துயெத் மட்டும் பன்றிக் குடலைச் சுருட்டி அடைத்தது, வாசனை தெரு முனைக்கே வரும், அதை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஆர்டர் சொல்வது

பட்டியலை மூடி மேசையில் வைத்தால் தயார் என்று அர்த்தம். அந்த்ரேயையும் பிளாவையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், இனிப்பு பிறகு. சூஃப்லே மாதிரி அடுப்பில் நேரமெடுக்கும் இனிப்பு இருந்தால் ஆரம்பத்திலேயே கேட்பார்கள். எதை எடுப்பதென்று குழப்பமா, அன்று எது நன்றாக இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள், நேர்மையான பதில் கிடைக்கும். பாரிஸ் சமையலறைகளில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பாத்திரம் கழுவத் தொடங்கி இன்று அடுப்பையே பொறுப்பெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. நான் வழக்கமாகப் போகும் ஓர் இடத்தில் பிளாங்கெத் கிண்டுவது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். ‘அண்ணை, இண்டைக்கு எது நல்லம்?’ என்று ஜன்னல் வழியாகக் கேட்டால், ‘தம்பி, மீனை விடுங்கோ, முயலை எடுங்கோ’ என்று பலகைக்கு வராத தகவல் கிடைக்கும். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, சரி.

மாற்றங்கள் கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை என்றால் வேறு. சாஸ் தனியாக, கிழங்குக்குப் பதில் சோறு, வெங்காயம் எடுத்துவிட்டு என்று ஆளுக்கொன்று சொன்னால் இரண்டு பேர் நிற்கும் அடுப்படி நின்றுவிடும். ஒரே பிளாவை இரண்டு பேர் பங்கு போடுவதும் சில இடங்களில் முகச்சுளிப்பு, அந்த்ரேயைப் பங்கு போடுவதில் பிரச்சினையில்லை.

தண்ணீருக்கு உன் கராஃப் தோ, அதாவது ஒரு குடுவைக் குழாய்த் தண்ணீர் என்று கேளுங்கள். தண்ணீர் என்று மட்டும் சொன்னால் பாட்டில் வந்து பில்லில் ஏழு யூரோ ஏறிவிடும். குழாய்த் தண்ணீர் இலவசம், அதைப் பட்டியலிலோ சுவரிலோ எழுதியே வைக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் சட்டம். ரொட்டிக் கூடையும் இலவசம், தீர்ந்தால் இன்னும் கேட்கலாம். அபெரித்திஃப், அதாவது சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் பானம், வேண்டுமா என்று முதலில் கேட்பது வழக்கம், வேண்டாம் என்று சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை. வைன் குடிப்பவர்கள் பலகையில் எழுதிய கிளாஸ் வைனையோ கால் லிட்டர் குடுவையையோ எடுக்கலாம். பாட்டில் வாங்கி முடிக்க முடியாவிட்டால் மீதியைத் தக்கை போட்டு எடுத்துப் போகலாம்.

8. சாப்பிடுவது

ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை மேலேயே வையுங்கள், பிய்த்துச் சாப்பிடுங்கள், வெண்ணெய் வராது. சாஸ் மிஞ்சினால் ரொட்டியால் துடைத்துச் சாப்பிடலாம், பிஸ்ட்ரோவில் அது சமையல்காரருக்குப் பாராட்டு. மட்டியைக் கையால்தான் சாப்பிட வேண்டும், ஒரு காலி ஓட்டையே இடுக்கியாக்கி மற்றதைப் பிடுங்கலாம்.

காரம் இருக்காது. மேசையில் இருக்கும் திஜோன் கடுகுக் கிண்ணத்தை நாடுங்கள், மூக்கில் ஏறி அடிக்கும், ஸ்டேக்கோடும் போத்தோஃபேயோடும் பொருந்தும். பையிலிருந்து ஊறுகாயை எடுக்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு, அந்த்ரே வரும் வரையாவது பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் பக்கம் பக்கமாக வையுங்கள், அதுவரை தட்டை எடுக்க மாட்டார்கள். மேசையில் எல்லோரும் முடிக்கும் வரை அடுத்தது வராது, ஆகவே ஒருவர் கதை சொல்லிக்கொண்டே இருந்தால் மற்றவர்களின் பிளா ஆறிக்கொண்டிருக்கும். மிஞ்சினால் கட்டித் தரக் கேட்கலாம், 2021 ஜூலை முதல் உணவகங்கள் அதற்குப் பாத்திரம் தந்தாக வேண்டும், சில பழைய கடைகளில் இன்னும் புருவம் உயரும், அவ்வளவுதான்.

9. சீஸ், இனிப்பு, காபி

சீஸ் பிளாவுக்கும் இனிப்புக்கும் நடுவில். இனிப்பில் பலகையில் இருக்கும் பருவப் பழத்தையே பாருங்கள், செர்ரி க்ளஃபூத்தி, மிரபெல் தார்த், ஆப்பிள் தாத்தான். சாக்லேட் மூஸும் க்ரெம் காரமேலும் வருடம் முழுக்க இருக்கும், ஷெ லாமி ஜான் மாதிரி இடத்தில் பெரிய கிண்ணத்தில் வரும் பால்சோறு தனிப் புகழ் பெற்றது. வயிற்றில் இடமில்லை ஆனால் ஆசை இருக்கிறது என்பவர்களுக்குக் காஃபே கூர்மான், ஒரு எஸ்பிரஸ்ஸோவும் மூன்று சின்ன இனிப்புத் துண்டும்.

காபி இனிப்போடு வராது, இனிப்பு முடிந்த பிறகுதான். காஃபே என்று கேட்டால் சின்ன கறுப்பு எஸ்பிரஸ்ஸோ. கொஞ்சம் பால் விட வேண்டுமென்றால் நுவாசெத் கேளுங்கள். முழுப் பால் காபி காலைக்கானது, கேட்டால் தருவார்கள், ஆனால் பிளாங்கெத்துக்கு மேல் அதை உங்கள் வயிறே விரும்பாது.

10. பில்

லாதிஸியோன், சில் வூ ப்ளே. கேட்காமல் கொண்டு வந்து வைப்பது உங்களைக் கிளப்பி விடுவதாக ஆகிவிடும் என்பதால் அவர்களாக வர மாட்டார்கள், அரை மணி நேரம் காத்திருந்து கோபப்பட்டுப் பயனில்லை. ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் காபியோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் எழுந்து கவுண்டரில் போய்க் கொடுத்துவிடலாம், அது வேகம்.

பலகையில் பார்த்த விலைதான் கடைசி விலை. வரியும், 15 சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்குள்ளேயே அடக்கம், மேலே எதுவும் கூட்ட மாட்டார்கள். அதனால் அமெரிக்கா மாதிரி இருபது சதவீதம் டிப் வைக்க வேண்டியதில்லை. அட்டை இயந்திரத்தில் டிப் எவ்வளவு என்று கேட்கும் திரை வந்தால் கூச்சப்படாமல் பூஜ்யத்தை அழுத்துங்கள். மனதுக்குப் பிடித்திருந்தால் இரண்டு பேர் சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று யூரோ நாணயமாகத் தட்டில் விட்டு வரலாம். நான்கு பேர் நான்கு அட்டை என்றால் முதலிலேயே சொல்லி, ஆளுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொடுங்கள், ஒன்றரை மணிக் கூட்டத்தில் யார் எத்தனை கிளாஸ் குடித்தார் என்று பிரித்துக்கொண்டிருக்க அந்த ஒருவருக்கு நேரமிருக்காது. கிளம்பும்போது ஒர்வுவார் சொல்லிவிட்டு, பிடித்திருந்தால் அடுத்த வாரத்துக்கும் அங்கேயே நின்று பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள், போனில் கிடைக்காத மேசை நேரில் கேட்டால் கிடைக்கும்.